எத்தனை தடவை என்று எண்ணாதீர்கள்

கேள்வி: டைவர்டிகுலைட்டிஸ் (பெருங்குடல் சுவரில் பிதுங்கியிருக்கும் சிறு பைகளில் அழற்சி) மூன்று தடவை வந்துவிட்டது. இரண்டுக்கு மேல் போனால் குடலை வெட்டத்தான் வேண்டும் என்கிறார் மைத்துனர். வயது 54. (வெள்ளவத்தை)

பதில்: ஒரு காலத்தில் நாங்களே மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த விதி அது. இன்று கைவிட்டாயிற்று. குடல் ஓட்டையாகும் ஆபத்து முதல் தடவையில்தான் அதிகம்; திரும்பத் திரும்ப வருவதால் அது கூடுவதில்லை.

அது கிடக்கட்டும், அந்த மூன்றில் எத்தனை ஸ்கானில் உறுதியானவை? எழுதவே இல்லையே! இடது அடிவயிறு நொந்ததும் பாமசியில் மெட்ரோனிடசோல் என்ற கிருமிகொல்லி மருந்தை வாங்கி விழுங்கிவிட்டு, அதையும் ஒரு தடவையாகக் கணக்கு வைக்கிறார்கள். மலச்சிக்கலும் அப்படித்தான் நோகும், குடல் புற்றுநோயும் நோகும். நோ இருக்கும்போதே ஒரு சி.ரி. ஸ்கான், அடங்கி 6 – 8 கிழமையில் கொலனோஸ்கோப்பி (குடலுக்குள் கமரா விட்டுப் பார்ப்பது). இவை கையில் இல்லாமல் ஒபரேஷன் பேச்சை எடுக்காதீர்கள்.

குடல் ஒடுங்கியிருந்தால், பெரிய சீழ்க்கட்டி வந்து ஆறியிருந்தால், சிறுநீரகம் மாற்றி எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவரானால் சத்திரசிகிச்சை நிபுணரோடு பேசலாம். இடைநாட்களிலும் நோ விடாமல் வேலை கெடுகிறதென்றாலும் பேசலாம். நெதர்லாந்தில் 2017இல் வெளியான ஆய்வில் அத்தகையவர்களுக்கு ஒபரேஷனுக்குப் பின் வாழ்க்கை சுகமாகியது. ஆனால் குடலை இணைத்த இடம் கசிந்தவர்களும் அதில் இருந்தார்கள். இரண்டையும் கேட்டு முடிவெடுங்கள். நோவுக்கென்று டிக்ளோஃபெனக் குளிசையை மட்டும் எடுக்காதீர்கள்.

கேள்வி: எள்ளுருண்டை, கச்சான், கொய்யா விதை எல்லாம் பைக்குள் சிக்குமாமே? (கொட்டாஞ்சேனை)

பதில்: சிக்காது. ஏறத்தாழ 47,000 ஆண்களை 18 வருடம் கவனித்த அமெரிக்க ஆய்வு 2008இலேயே கச்சான் வகைகளால் கேடில்லை என்று காட்டிவிட்டது. தாராளமாகச் சாப்பிடுங்கள்.

கேள்வி: நோ உள்ள நாளில் குரக்கன் புட்டு சாப்பிடலாமா? (தெஹிவளை)

பதில்: அந்த இரண்டு மூன்று நாள் கஞ்சித் தண்ணீரும் சூப்பும் போதும். அடங்கிய பிறகு குரக்கன், சிவப்பரிசி, கீரை என்று மெல்லமெல்லக் கூட்டுங்கள்.

கேள்வி: எனக்கு அடிக்கடி வயிற்று நோ. என்ன குளிசை போடலாம்?

பதில்: வயது இல்லை, எந்தப் பக்கம் நோ என்றில்லை, ரிப்போர்ட் இல்லை. நான் எதை வைத்துச் சொல்வது? வலப்பக்கமென்றால் அப்பென்டிசைட்டிசாக (குடல்வால் அழற்சி) இருக்கலாம். நம் ஆசியர்களுக்கு டைவர்டிகுலைட்டிசும் வலப்பக்கம் வரும். டொக்டரிடம் போங்கள். அதுவரை பரசிற்றமோல் மட்டும். டிக்ளோஃபெனக், ஐபுப்ரோஃபென் இரண்டும் குடலை ஓட்டையாக்கக் கூடியவை.

கேள்வி: அப்பாவுக்குச் சிறுநீர் போகும்போது காற்றுக் குமிழியும் வருகிறது. போன வருடம் டைவர்டிகுலைட்டிஸ் இருந்தது. (மட்டக்குளி)

பதில்: குடலுக்கும் சிறுநீர்ப்பைக்கும் இடையில் வழி விழுந்திருக்கலாம். அது மருந்தில் மூடுவது அரிது, பெரும்பாலும் ஒபரேஷன்தான். இந்தக் கிழமையே காட்டுங்கள். காய்ச்சலோ குளிரோ இருந்தால் இன்றைக்கே.