புது டொமைன் எக்ஸ்டென்ஷனில் பணம் போடலாமா?

கேள்வி: புதிதாக ஒரு டொமைன் எக்ஸ்டென்ஷன் (வெப்சைட் முகவரியின் கடைசியில் டாட் காம், டாட் இன் மாதிரி வரும் பகுதி) வரப்போகிறது. விற்பனை தொடங்கும் அன்றே நல்ல பெயர்களாகப் பார்த்து வாங்கிப் போட்டு, பிறகு விற்றால் லாபம் வருமா? கையில் 50,000 ரூபாய் இருக்கிறது.

பதில்:

என் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். ஈரோட்டில் கடைகளுக்கும் சின்ன கம்பெனிகளுக்கும் வெப்சைட் செய்து கொடுப்பது என் தொழில். 2016 ஆகஸ்டில் இதே ஆசை எனக்கும் வந்தது. அப்போது புது எக்ஸ்டென்ஷன்களை ஆடித் தள்ளுபடி மாதிரி விற்றுக்கொண்டிருந்தார்கள். ஒரு பெயர் 65 ரூபாய். ஒரே ராத்திரியில் 34 பெயர் வாங்கினேன். மொத்தம் 2,210 ரூபாய். இரண்டு பேர் பிரியாணி சாப்பிடும் காசுக்கு இத்தனை சொத்தா என்று தூக்கமே வரவில்லை.

அடுத்த ஆகஸ்டில் ரினியூவல் மெயில் வந்தது. ஒரு பெயருக்கு 850 ரூபாய், மேலே 18 சதவீதம் ஜிஎஸ்டி. 34 பெயருக்கும் சேர்த்து 34,102 ரூபாய். விட மனசில்லாமல் அத்தனையையும் கட்டினேன். 2018-இல் 11 பெயரை மட்டும் வைத்துக்கொண்டேன், 2019-இல் மூன்று. ஆக நான்கு வருஷத்தில் 50,000-க்குக் கொஞ்சம் மேலே போனது. விற்றது ஒரே ஒரு பெயர், 22,000 ரூபாய்க்கு. நான் செலவழித்தது நீங்கள் கையில் வைத்திருக்கும் அதே தொகைதான், அதனால்தான் இத்தனை விவரமாக எழுதுகிறேன்.

இதை எல்லோரும் ஊருக்கு வெளியே பிளாட் வாங்கிப் போடுவதோடு ஒப்பிடுவார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் பிளாட்டுக்குக் கிரயப் பத்திரம் உண்டு. பத்து வருஷம் எட்டிப் பார்க்காவிட்டாலும் முள் முளைத்துக் கிடக்குமே தவிர, உங்கள் பெயரில்தான் இருக்கும். டொமைன் குத்தகை. ஒரு வருஷக் குத்தகையைக் கட்டத் தவறினால், சில வாரம் அவகாசம் கொடுத்துப் பார்த்துவிட்டு வேறு யாருக்கும் கொடுத்துவிடுவார்கள். அந்தக் குத்தகைத் தொகையை யார் வைக்கிறார்கள் என்பதுதான் இதில் முக்கியமான இடம்.

டாட் காமுக்கு மொத்த வியாபார விலையை எவ்வளவு ஏற்றலாம் என்று ஒப்பந்தத்திலேயே உச்சவரம்பு இருக்கிறது. உலக அளவில் டொமைன் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு 2012-இல் விண்ணப்பம் வாங்கிய சுற்றில் வந்த புது எக்ஸ்டென்ஷன்களுக்கு அது இல்லை. அவற்றை நடத்தும் ரெஜிஸ்ட்ரி ஆறு மாதம் முன்னால் அறிவித்துவிட்டு ரினியூவல் விலையை ஏற்றலாம். 2017-இல் ஒரு ரெஜிஸ்ட்ரி தன் கையிலிருந்த சில எக்ஸ்டென்ஷன்களுக்குப் பல மடங்கு ஏற்றியது. நமக்கு இருக்கும் ஒரே பாதுகாப்பு, ஏறுவதற்கு முன்னால் பழைய விலையிலேயே பத்து வருஷம் வரை கட்டி வைத்துக்கொள்ளலாம் என்பது. 34 பெயருக்குப் பத்து வருஷம் என்று நான் கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு மூடி வைத்துவிட்டேன்.

அப்புறம், "தொடங்கும் அன்றே" என்கிறீர்கள். உங்களுக்கும் எனக்கும் அந்த நாள் வருவதற்கு முன்பே பந்தி பாதி முடிந்திருக்கும். முதலில் டிரேட்மார்க் வைத்திருப்பவர்களுக்குக் குறைந்தது 30 நாள். பிறகு பெரும்பாலும் முந்தி வாங்குவோர் வாரம் என்று ஒன்று வைப்பார்கள்: முதல் நாள் விலை ஆயிரக்கணக்கான டாலரில் இருக்கும், நாளுக்கு நாள் இறங்கும். அதற்கெல்லாம் முன்பே 'ஹோட்டல்', 'லோன்', 'கோல்டு' மாதிரியான பெயர்களை ரெஜிஸ்ட்ரியே பிரீமியம் என்று எடுத்து வைத்திருக்கும். லேஅவுட் போடும் புரமோட்டர் கார்னர் பிளாட்டை விட்டுக்கொடுப்பாரா? இதில் சில பிரீமியம் பெயர்களுக்கு வாங்கும் விலை மட்டும் இல்லை, வருஷா வருஷம் கட்டும் தொகையும் பிரீமியம்தான். பில் போடும் பக்கத்தில் அது சின்ன எழுத்தில் இருக்கும்.

சரி, நல்ல பெயர் ஒன்று கிடைத்தே விட்டது என்று வைத்துக்கொள்வோம். அதைப் பயன்படுத்துபவருக்கு என்ன ஆகிறது என்று நான் கண்ணால் பார்த்தேன். சென்னிமலை பெட்ஷீட் வியாபாரி ஒருவருக்கு, அவர் கேட்ட பெயர் டாட் காமில் இல்லாததால் டாட் ஸ்டோரில் வாங்கிக் கொடுத்தேன். வெப்சைட் தயார், கடை வாசலுக்குப் பத்தடி ஃபிளெக்ஸும் தயார். மாட்டிய பிறகு போய்ப் பார்த்தால், பெயருக்குப் பின்னால் டாட் ஸ்டோர் டாட் காம் என்று இருக்கிறது. ஃபிளெக்ஸ் கடைப் பையனைக் கேட்டேன். "அண்ணே, நீங்க அனுப்புனதுல டாட் காம் விட்டுப்போச்சு. நாந்தான் பார்த்துச் சேர்த்தேன்" என்றான், நன்றி சொல்வேன் என்று எதிர்பார்க்கிற முகத்தோடு. அவன்மேல் தப்பில்லை. ஃபோனில் மெயில் ஐடி சொன்னால் எதிர்முனையில் இருப்பவர்களும் அதையேதான் செய்தார்கள். ஒரு போர்ட்டலில் அந்த மெயில் ஐடியை 'தவறான முகவரி' என்று ஏற்கவே மறுத்தது. மூன்று மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு வியாபாரி சொன்னார்: "தம்பி, ஒவ்வொருத்தருக்கும் விளக்கஞ் சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது. ஊர்ல எல்லாரும் வச்சிருக்கறதையே எனக்கும் வாங்கிக் குடுங்க." பெயரைக் கொஞ்சம் மாற்றி டாட் இன்னில் வாங்கினோம்.

அதன்பிறகு எந்த எக்ஸ்டென்ஷனைப் பற்றிக் கேட்டாலும் நான் பார்ப்பது ஒன்றுதான்: இதை போர்டில் எழுதி வாசலில் மாட்டியிருப்பவர் எத்தனை பேர்? பதிவான பெயர்களின் எண்ணிக்கையைக் காட்டி விளம்பரம் செய்வார்கள், அதை நம்பாதீர்கள். என் 34 பெயரும் அந்த எண்ணிக்கையில் இருந்தவைதான். 2014-இல் டாட் எக்ஸ்ஒய்இசட் வந்தபோது, கேட்காதவர்களின் கணக்கிலும் இலவசமாகப் பெயர்கள் சேர்க்கப்பட்டு எண்ணிக்கை கிடுகிடுவென்று ஏறியது. அடுத்த வருஷம் கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட் தன் தளத்தை ஏபிசி டாட் எக்ஸ்ஒய்இசட் என்று வைத்ததுதான் அதற்கு மெய்யான மரியாதை கொடுத்தது. அது போர்டு மாட்டிய கதை. அதை முன்கூட்டியே கணித்தவர் யாரும் எனக்குத் தெரிந்து இல்லை.

டாட் மொபி என்று ஒன்று இருந்தது, இன்னமும் இருக்கிறது. 2006-இல் ஃபிளவர்ஸ் டாட் மொபி என்ற பெயர் 2 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. மொபைலுக்கென்று தனி இணையம் வரும், அதற்குத் தனி முகவரி வேண்டும் என்று கணக்குப் போட்டார்கள். அடுத்த வருஷமே ஐஃபோன் வந்தது. சாதாரண வெப்சைட்டே ஃபோனில் திறந்தது. மொபைல் இணையம் பெரிதாக வளரும் என்ற கணிப்பு நூற்றுக்கு நூறு சரியாகத்தான் இருந்தது, பாருங்கள். தனி முகவரி வேண்டும் என்ற இடத்தில்தான் சறுக்கியது.

டாட் ஏஐ மட்டும் எப்படி ஓடுகிறது என்று கேட்பீர்கள். அது புது எக்ஸ்டென்ஷனே இல்லை. கரீபியனில் உள்ள அங்குவிலா என்ற குட்டித் தீவின் நாட்டுக் குறியீடு, 1995-இலிருந்தே இருக்கிறது. சுமார் 16,000 பேர் வசிக்கும் தீவு. சாட்ஜிபிடி வந்த பிறகு 2023-இல் மட்டும் டொமைன் மூலம் அந்த அரசுக்குக் கிடைத்தது சுமார் 3.2 கோடி டாலர், மொத்த வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு. கவனியுங்கள், நிச்சயமாகச் சம்பாதித்தது தீவு. பெயரை வாங்கி வைத்தவர்களில் சிலருக்கு லாட்டரி அடித்தது, மற்றவர்கள் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கட்டிக்கொண்டிருக்கிறார்கள். எக்ஸ்டென்ஷனையே சொந்தமாக நடத்தலாமே என்று தோன்றினால், 2026 சுற்றுக்கு ஐகான் வைத்த விண்ணப்பக் கட்டணம் மட்டும் 2,27,000 டாலர். நமக்கு அந்தப் பேச்சு வேண்டாம்.

நாட்டுக் குறியீடு என்றால் இன்னொரு வில்லங்கமும் உண்டு. நாடு போனால் குறியீடும் போகலாம். யூகோஸ்லாவியாவின் டாட் ஒய்யூ 2010-இல் நீக்கப்பட்டது. டாட் ஐஓ என்பது எந்தப் பகுதியின் குறியீடோ, அந்த சாகோஸ் தீவுகளை மொரீஷியஸிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தத்தில் பிரிட்டன் 2025 மே மாதம் கையெழுத்திட்டபோது, டாட் ஐஓ வைத்திருந்த என் நண்பர் ஒருவர் வாழ்க்கையில் முதல்முறையாக உலக வரைபடத்தை விரித்துப் பார்த்தார்.

தமிழிலேயே டாட் இந்தியா, டாட் இலங்கை, டாட் சிங்கப்பூர் மூன்றும் இருக்கின்றன. என்னிடம் டாட் இந்தியாவில் ஒரு பெயர் உண்டு. அதை பிரவுசரிலிருந்து காப்பி செய்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் சில சமயம் 'எக்ஸ்என்' என்று தொடங்கும் புரியாத எழுத்துக் குவியலாக வந்து விழுகிறது. ஆசைக்கு வைத்திருக்கிறேன், முதலீடு என்று சொல்ல மாட்டேன்.

இந்தத் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர்களே, நூறு பெயர் வைத்திருந்தால் வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ விற்கும் என்பார்கள். அதுவும் நல்ல டாட் காம் பெயர்களில். பெயருக்கு ஆயிரம் ரூபாய் ரினியூவல் என்றால் நூறு பெயருக்கு ஒரு லட்சம். அந்த ஒரு பெயர் ஒரு லட்சத்துக்கு மேல் போனால்தான் கைக்காசு திரும்பும்.

உங்கள் 50,000-இல் நான் என்ன செய்வேன்? 10,000-ஐத் தனியாக எடுத்து வைப்பேன். இரண்டே பெயர், ஐந்து வருஷ ரினியூவலையும் முதல் நாளே கட்டிவிடுவேன். ஒவ்வொரு பெயருக்கும் அதை வாங்கக்கூடிய பத்து நிறுவனங்களைத் தாளில் எழுதிப் பார்ப்பேன். ஆறோடு பேனா நின்றுவிட்டால் அந்தப் பெயர் வேண்டாம். பெயரில் யாருடைய பிராண்டும் ஒட்டியிருக்கக் கூடாது, வக்கீல் நோட்டீஸ் வந்தால் பெயரும் போகும், நிம்மதியும் போகும். மீதி 40,000 வங்கியிலேயே இருக்கட்டும்.

2019-இல் வைத்துக்கொண்ட மூன்றில் ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. விலை பேசலாம்.