சோல்-ஜெல் முறையில், அதாவது கரைசலைப் பூசிச் சூடாக்கி உருவாக்கிய துத்தநாக ஆக்சைடு படலத்தில் பச்சை ஒளிதான் தூக்கலாக வருகிறது. புற ஊதா உமிழ்வைக் கூட்டுவது எப்படி?

துத்தநாக ஆக்சைடின் எக்ஸிட்டான் (ஒன்றையொன்று ஈர்த்துப் பிணைந்த எலக்ட்ரான்–துளை இணை) பிணைப்பு ஆற்றல் சுமார் 60 மில்லி எலக்ட்ரான் வோல்ட். அறை வெப்பநிலையின் வெப்ப ஆற்றல் 26 தான். ஆகவே நல்ல படலம் என்றால் 380 நானோமீட்டர் அருகே அறை வெப்பநிலையிலேயே ஒளிர்ந்தாக வேண்டும். ஒளிராவிட்டால் படிகக் குறைகள் மின்னூட்டங்களைப் பிடித்துக்கொள்கின்றன என்று பொருள். சில குறைகள் 500–550 நானோமீட்டர் பகுதியில் பச்சையாக உமிழும். வேறு சில ஒளியே தராமல் வெப்பமாக்கிவிடும். இவை நிறமாலையில் தெரியாது, ஆனால் இழப்பு இவற்றால்தான் அதிகம்.

கரைசலிலிருந்து தொடங்குங்கள். 2-மெத்தாக்சிஎத்தனாலில் துத்தநாக அசிட்டேட் டைஹைட்ரேட் 2.2 கிராம், மோனோஎத்தனாலமீன் 0.6 மில்லி சேர்த்து, மொத்தம் 20 மில்லி ஆக்கினால் 0.5 மோலார். 60 டிகிரி செல்சியஸில் 2 மணி நேரம் கலக்கி, ஒரு நாள் ஊறவிட்டு வடிகட்டுங்கள். கரைப்பானான 2-மெத்தாக்சிஎத்தனால் இனப்பெருக்க நலனைப் பாதிக்கும். ஃப்யூம் ஹூடுக்கு (ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஆய்வகக் கூண்டு) வெளியே திறக்கவே கூடாது. கரைசலைச் சுழற்றிப் பூசும்போது (ஸ்பின் கோட்டிங்) நிமிடத்துக்கு 3000 சுற்று, 30 விநாடி. ஒவ்வொரு அடுக்கையும் 300 டிகிரியில் 10 நிமிடம் உலர்த்துங்கள். இதில் அவசரப்பட்டால் கரிம எச்சம் உள்ளே சிக்கி, பிறகு சூடாக்கும்போது துளைகளை விட்டுச் செல்லும்.

பூசிய படலத்தை உயர் வெப்பத்தில் பதப்படுத்தும் அனீலிங்தான் முக்கியம். குவார்ட்ஸ் மீது, காற்றில், 1 மணி நேரம். ஒரே கரைசலில் பூசிய துண்டுகளை 400, 500, 600, 700 டிகிரியில் வைத்து ஒப்பிடுங்கள். சாதாரணக் கண்ணாடி வேண்டாம்: சோடியம் படலத்துக்குள் ஊடுருவும், 550 டிகிரியை ஒட்டிக் கண்ணாடியே இளகத் தொடங்கும். வெப்பம் கூடக்கூடப் படிகத்துகள் வளரும், உண்மைதான். ஆனால் 800 டிகிரியைத் தாண்டினால் ஆக்சிஜன் இழப்பும், குவார்ட்ஸுடன் வினைபுரிந்து துத்தநாக சிலிகேட்டும் வரலாம்.

அடுத்தது மேற்பரப்பு. குறுகிய நேர ஹைட்ரஜன் பிளாஸ்மா பச்சையை அடக்கிப் புற ஊதாவை உயர்த்தும். நேரம் மிஞ்சினால் படலமே அரிபடும். பிறகு 500 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் ஹைட்ரஜன் வெளியேறி, பெற்ற பலன் போய்விடும். உலோக நானோ துகள்களை இதற்கெல்லாம் பிறகே தொடுவேன். அதிலும் பிளாஸ்மான் (உலோக எலக்ட்ரான்கள் ஒளியால் ஒன்றாக அதிர்வது) புற ஊதாவில் அமையும் அலுமினியமே பொருத்தம். இடையில் சில நானோமீட்டர் அலுமினா இல்லாவிட்டால் உலோகம் ஒளியை விழுங்கிவிடும்.

அளக்கும்போது 325 நானோமீட்டர் லேசரின் திறனையும் குவியத்தையும் மாற்றாதீர்கள். திறன் கூடும்போது பச்சை தெவிட்டுவதால், படலம் மாறாமலே புற ஊதா–பச்சை விகிதம் உயரும். விகிதத்தை மட்டும் நம்பாமல் புற ஊதா முகட்டின் பரப்பையும் பாருங்கள். ஒளி வடிகட்டி போடாவிட்டால் 650 நானோமீட்டரில் லேசரின் இரண்டாம் படி (நிறமாலைமானி இருமடங்கு அலைநீளத்தில் காட்டும் போலி முகடு) தலைகாட்டும். அதைச் சிவப்புக் குறை உமிழ்வு என்று எழுதிவிடாதீர்கள்.