உருண்டைக்கு எத்தனை மீற்றர்?

மாரி தொடங்கினால் யாழ்ப்பாணத்தில் பின்னல் ஊசிகளும் வெளியே வந்துவிடும் போல. இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பங்கு நூலும் ஊசியும்தான். நீண்டவற்றைச் சுருக்கியிருக்கிறேன். கடைப் பெயர்களை எடுத்துவிட்டேன்.

கேள்வி: கனடாவில் இருக்கும் மருமகனுக்கு ஒரு சோடி சொக்ஸ் பின்னி அனுப்பினேன். "அசல் கம்பளி நூல்" என்று சொல்லித்தான் கடைக்காரர் தந்தார். ஒரு மாதத்திலேயே குதிக்காலில் ஓட்டை. கால் வேர்த்து மணக்கிறதாம் என்று மகள் வேறு சொல்கிறாள். என் பின்னலில் பிழையா? (கொக்குவில்)

பதில்: எனக்கு நூல் மேல்தான் சந்தேகம். மிச்ச நூலில் ஒரு விரல் நீளம் வெட்டி, இடுக்கியால் பிடித்து, தண்ணீர்ச் சட்டிக்கு மேலே வைத்து நெருப்புக்குச்சியைக் காட்டுங்கள். கம்பளி தயங்கித் தயங்கித்தான் எரியும். நெருப்பை எடுத்தால் தானாகவே அணையும், மயிர் கருகின மணம் வரும், சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகிவிடும். அக்ரிலிக் என்கிற செயற்கை நூல் உருகும். ஆறினபிறகு நசுக்க முடியாத கறுத்த மணி ஒன்று மிஞ்சும். உங்கள் நூலில் அந்த மணிதான் மிஞ்சும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அக்ரிலிக் வேர்வையை உறிஞ்சாது. மருமகனின் காலைக் குறை சொல்லாதீர்கள்.

ஆனால் தனிக் கம்பளியும் குதிக்காலில் சீக்கிரம் தேய்ந்துபோகும். சொக்ஸ் நூல் என்றே விற்பதில் வழக்கமாக 75 வீதம் கம்பளியும் 25 வீதம் நைலோனும் இருக்கும். அந்த நைலோன்தான் தேயாமல் காப்பாற்றுகிறது. 100 கிராம், ஏறக்குறைய 400 மீற்றர், ஒரு சோடிக்குப் போதும். 2.25 அல்லது 2.5 மில்லிமீற்றர் ஊசியில் இறுக்கமாகப் பின்னுங்கள். லேபலில் "சுப்பர்வோஷ்" என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் மகள் அதை வோசிங் மெசினில் போடுகிற அன்றைக்கே மருமகனின் சொக்ஸ் பேரனுக்கு அளவாகிவிடும்.

அக்ரிலிக்கைக் கம்பளி என்று சொல்லி விற்பது பொய் சொல்லி விற்பது. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் அதை அனுமதிக்கவில்லை. பில் இருந்தால், வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். மாவட்டச் செயலகத்தில் கொடுக்கலாம்.

கேள்வி: சால்வைக்கு ஒரு உருண்டை குறைந்துபோனது. இரண்டு மாதம் கழித்து அதே கடையில் அதே நிறம் வாங்கினேன், நிறம் ஒத்துவரவில்லை. மாற்றித் தருவார்களா? (அரியாலை)

பதில்: மாட்டார்கள். ஒவ்வொரு தடவை சாயமிடும்போதும் நிறம் சற்று மாறும். எந்தத் தடவை சாயமிட்டது என்று காட்ட லேபலில் நிற இலக்கத்துக்குப் பக்கத்தில் லொட் இலக்கம் ஒன்று இருக்கும், அதைப் பார்த்து முதலிலேயே ஒன்று கூட வாங்கியிருக்க வேண்டும்.

கேள்வி: நானும் சிநேகிதிகளும் சனிக்கிழமைகளில் படத்துக்குப் போவோம். கையில் பின்னலும் வரும். போன கிழமை தியேட்டரில் 70 ரூபா என்று அச்சடித்த தண்ணீர்ப் போத்தலுக்கு 120 ரூபா வாங்கினார்கள். கேட்டதற்கு "இது தியேட்டர் விலை அக்கா" என்றார்கள். அப்படி ஒன்று இருக்கிறதா? அப்புறம், இருட்டில் பின்ன எந்த ஊசி நல்லது? (நல்லூர்)

பதில்: தியேட்டர் விலை என்று ஒன்றும் இல்லை. போத்தலில் அச்சடித்த உச்ச விலைதான் விலை, அது பெட்டிக்கடையானாலும் சரி, ஏசி மண்டபமானாலும் சரி. கேட்டால் பில் தரவேண்டியது அவர்கள் கடமை. போத்தலையும் பில்லையும் சேர்த்துப் படம் எடுத்துக்கொண்டு நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழையுங்கள். 50 ரூபாவுக்கா இவ்வளவு பாடு என்று பக்கத்து இருக்கைக்காரர் சிரிப்பார். அவரும் 120 கொடுத்தவர்தான்.

ஊசிக்கு வருவோம். வின்சர், வெலிங்டன் என்ற பழைய யாழ்ப்பாணத் தியேட்டர்களின் காலத்தில் மின்விசிறிக்குக் கீழே இடம் பிடிப்பதே பெரும்பாடு, இப்போது ஏசிக் குளிருக்குச் சால்வை கொண்டுபோக வேண்டியிருக்கிறது. அதனால் உங்கள் பழக்கத்தை நான் குறை சொல்லமாட்டேன். நீட்டு ஊசி வேண்டாம். ஒன்று கைநழுவினால் முன்வரிசைக் காலடிக்கு உருண்டுவிடும். இரண்டு முனையும் ஒரே கேபிளில் இணைந்த வட்ட ஊசி வாங்குங்கள். உலோகம் சத்தம் போடும், மூங்கில் போடாது. கறுப்பு நூலை வீட்டில் வைத்துவிட்டு, சொக்ஸில் கணுக்காலுக்கு மேலே வரும் குழாய்ப் பகுதியை மட்டும் கொண்டுபோங்கள். சும்மா சுற்றிச் சுற்றிப் பின்னிக்கொண்டே கதையையும் பார்க்கலாம். குதிக்கால் திருப்புவதை, அதாவது குதிக்கால் வளைவைப் பின்னுவதை, வெளிச்சத்தில் செய்யுங்கள்.

மலிவு வட்ட ஊசி செற் மட்டும் வாங்கவேண்டாம். நான் ஒன்லைனில் வாங்கியதில் ஊசியும் கேபிளும் சேருகிற இடத்தில் சின்ன விளிம்பு ஒன்று. ஒவ்வொரு கண்ணியும் அதில் மாட்டும். கடைசியில் ஒரு சண்டைக் காட்சியின் நடுவில் கேபிளே கழன்று, அத்தனை கண்ணியும் மடியில் கொட்டிவிட்டது. வாங்குமுன் அந்த மூட்டில் நகத்தை ஓட்டிப் பாருங்கள்.

கேள்வி: புத்தகத்தில் ஸ்வெற்றருக்கு எட்டு உருண்டை என்று போட்டிருந்தது. எட்டு வாங்கினேன். இரண்டாவது கையில் பாதியோடு நூல் முடிந்துவிட்டது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? (மானிப்பாய்)

பதில்: எத்தனை கிராம் உருண்டை என்று நீங்கள் எழுதவே இல்லை. கடையிலும் கேட்டிருக்கமாட்டீர்கள்.

உருண்டை ஓர் அளவு அல்ல. சீனியை "ஒரு பை" என்று மட்டும் சொல்லி வாங்குவீர்களா? நூல் கடைக்குள் போனதும் எல்லோருக்கும் அந்தக் கணக்கு மறந்துபோகிறது. உங்கள் புத்தகம் 50 கிராம், 100 மீற்றர் உருண்டையை வைத்து எழுதப்பட்டது என்றால் உங்களுக்குத் தேவை 800 மீற்றர். அதே தடிப்பில் 40 கிராம் உருண்டை எட்டு வாங்கினால் 640 தான். மிச்சம் 160 மீற்றர்தான் உங்கள் அரைக் கையும் கழுத்துப் பட்டியும்.

அம்மம்மா காலத்துப் புத்தகங்கள் இன்னும் மோசம். அவற்றில் அவுன்ஸ் கணக்கு. 16 அவுன்ஸ் என்று கண்டவுடன் 25 கிராம் உருண்டை 16 வாங்கி வருகிறார்கள். ஒரு அவுன்ஸ் 28 கிராமுக்கும் சற்று மேல், ஆகவே 16 அவுன்ஸ் என்றால் 454 கிராம். கையில் இருப்பது 400. இதற்குக் கடைக்காரரைத் திட்டி எனக்கு ஏன் எழுதுகிறீர்கள்?

விலையிலும் இதே கதைதான். ஒரு கடையில் உருண்டை 450 ரூபா, 100 மீற்றர். அடுத்த கடையில் 390 ரூபா, 75 மீற்றர். எல்லோரும் 390 க்கு ஓடுவார்கள். மீற்றருக்குக் கணக்குப் பாருங்கள்: முதலாவது 4 ரூபா 50 சதம், இரண்டாவது 5 ரூபா 20 சதம். கிராமும் தனியே போதாது. மெல்லிய நூல் 50 கிராமில் 200 மீற்றர் ஓடும், தடித்தது 100 இல் நின்றுவிடும்.

கடைக்காரரையும் விடமாட்டேன். லேபலைக் கழற்றி வீசிவிட்டு, உருண்டைகளைக் கூடையில் குவித்து, "எல்லாம் ஒரே சாமான்" என்று விற்கிறவர்கள் இருக்கிறார்கள். லேபல் போனால் நார் என்ன, நிறை என்ன, நீளம் என்ன, லொட் என்ன, ஒன்றுக்கும் பதில் கிடையாது. நல்லூர்த் திருவிழா நேரம் அப்படி ஒரு பை நிறைய நானும் வாங்கினேன். அதில் பின்னின சால்வையில் இப்போது வீட்டு நாய் படுக்கிறது. லேபல் இல்லாத உருண்டையைத் தொடாதீர்கள். தொட்டே ஆகவேண்டுமென்றால் தராசில் வைத்து நிறுத்துத் தரச் சொல்லுங்கள்.

கேள்வி: யூரியூப்பில் அமெரிக்கப் பெண் ஒருவர் 8 ஆம் நம்பர் ஊசி என்றார். நானும் கடையில் 8 தான் கேட்டு வாங்கினேன். எனக்குப் பின்னின ஸ்வெற்றர் பத்து வயது மகளுக்குத்தான் அளவாக இருக்கிறது. (சுன்னாகம்)

பதில்: அமெரிக்க 8 என்றால் 5 மில்லிமீற்றர். பழைய பிரித்தானிய 8 என்றால் 4. நம்முடைய பழைய தையல் கடைகளில் கிடப்பது பெரும்பாலும் பிரித்தானிய நம்பர். அதில் நம்பர் கூடக்கூட ஊசி மெலியும், அமெரிக்கக் கணக்கில் தடிக்கும். நம்பரை விட்டுவிட்டு மில்லிமீற்றரைக் கேளுங்கள். பத்துச் சென்ரிமீற்றர் சதுரம் ஒன்று முதலில் பின்னி அளந்திருந்தால் அரை மணித்தியாலத்தில் தெரிந்திருக்கும். மகளுக்கு ஸ்வெற்றர் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பேஸ்புக் பக்கம் ஒன்றில் கையால் சாயமிட்ட நூல் பார்த்து ஆசைப்பட்டு, 12,500 ரூபா வங்கிக் கணக்குக்குப் போட்டேன். மூன்று நாளில் வரும் என்றார்கள். இப்போது வட்ஸ்அப்பில் என்னைத் தடுத்துவிட்டார்கள். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. (சாவகச்சேரி)

பதில்: முதலில் வீட்டில் சொல்லுங்கள் தங்கச்சி. வெட்கப்பட வேண்டியது நீங்கள் இல்லை, பணத்தை எடுத்தவர்.

இன்றைக்கே செய்யவேண்டியவை இருக்கின்றன. அந்தப் பக்கம், விளம்பரம், வட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷொட் எடுங்கள், நாளைக்குப் பக்கமே இருக்காது. பணம் போட்ட சீட்டில் கணக்கு இலக்கம் இருக்கிறது, உங்களிடம் உள்ள பெரிய சாட்சி அதுதான். அதோடு உங்கள் வங்கிக்குப் போய் எழுத்தில் அறிவியுங்கள். பிறகு பொலிஸில் முறைப்பாடு போட்டு, முறைப்பாட்டு இலக்கத்தை வாங்கி வையுங்கள். "நூலுக்கா முறைப்பாடு?" என்று யாராவது கேட்டால், நூலுக்கு அல்ல, 12,500 ரூபாவுக்கு என்று சொல்லுங்கள். நுகர்வோர் அதிகாரசபைக்கும் ஒரு பிரதி போகட்டும். பணம் திரும்பும் என்று வாக்குக் கொடுக்க என்னால் முடியாது. ஆனால் அதே கணக்கில் இன்னொருத்தி பணம் போடாமல் தடுக்க உங்கள் முறைப்பாடு உதவும். என்ன நடந்தது என்று எனக்குக் கட்டாயம் எழுதுங்கள்.

கேள்வி: தெரிந்த அன்ரி ஒருவர் குழந்தைத் தொப்பியும் சொக்ஸும் கையால் பின்னித்தர 3,500 ரூபா கேட்கிறார். கடையில் அதே செற் 900. தெரிந்தவர்களிடமே இப்படி வாங்கலாமா? (உடுவில்)

பதில்: 900 ரூபாச் செற்றை வாங்குங்கள். அன்ரியின் நேரத்தை அன்ரிக்கே விட்டுவிடுங்கள்.

கேள்வி: கம்பளிச் சட்டையைக் கொதிநீரில் ஊறவைத்துக் கும்மித் தோய்த்தேன், சுருங்கிவிட்டது. பில்லும் இல்லை, லேபலும் இல்லை. பணத்தை எப்படித் திரும்ப வாங்கலாம்? (பருத்தித்துறை)

பதில்: முடியாது.

கேள்வி: லண்டனிலிருந்து சின்னம்மா வருகிறார். என்ன கொண்டுவர என்று கேட்கிறார். பின்னலுக்கு எதைச் சொல்லலாம்? (கோண்டாவில்)

பதில்: சொக்ஸ் நூல், 100 கிராம், ஒரே லொட்டில், லேபல் கழற்றாமல். சொக்கிலேற் வேண்டாம் என்று இரண்டு தரம் சொல்லுங்கள். அப்படியும் சொக்கிலேற்தான் வரும்.