நோட்டின் பின்பக்கம்

கேள்வி: மாநகராட்சியோடு சேர்க்கப்பட்ட ஒரு பழைய கிராமம் என் வார்டு. பெண்களுக்கு ஒதுக்கியதால் 2022-இல் நின்று கவுன்சிலர் ஆனேன். இப்போது வார்டே மாறிவிட்டது. ஒரு பக்கம் அடுக்குமாடிக் குடியிருப்புகள், இன்னொரு பக்கம் வடமாநிலத் தொழிலாளர்கள் தங்கும் லைன் வீடுகள். மறுபடி நிற்க ஆசை. "ஓட்டே இல்லாதவனுக்கு ஓடி ஓடிச் செய்யறே, ஊர்க்காரனை மறந்துட்டே" என்கிறார் என் கணவரின் அண்ணன். ஃபிளாட்காரர்களோ என்னை மதிப்பதே இல்லை. குறை சொல்ல வருகிறவர்களிடம் பிளஸ் டூ படிக்கும் என் மகள்தான் கேட்டு நோட்டில் எழுதி வைப்பாள். ஊர்க்காரர்கள் முன்பக்கத்திலிருந்து, குடிவந்தவர்கள் பின்பக்கத்திலிருந்து. அவ்வளவு ஒழுங்காக வைத்தும் கெட்ட பெயர்தான். ஊரையும் பகைக்காமல், வந்தவர்கள் ஓட்டையும் வாங்க என்ன வழி?

– பெயர் வெளியிட விரும்பாத கவுன்சிலர்

பதில்: ஓட்டு வாங்கும் வழியை அப்புறம் பார்க்கலாம். அந்த நோட்டைத் திருப்பிப் பிடிக்க உங்கள் மகளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

ஒழுங்கு என்று அதைப் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்குப் படித்ததும் பகீரென்றது. வாசலில் ஒருவர் வந்து நிற்கிறார். உங்கள் மகள் அவர் பேச்சைக் கேட்கிறாள், ஆளைப் பார்க்கிறாள், எந்தத் தெரு என்று விசாரிக்கிறாள். பிறகு நோட்டை நேராக வைப்பதா, கவிழ்த்துத் திருப்புவதா என்று முடிவு செய்கிறாள். எதிரே நிற்பவருக்கு இது தெரியாது என்றா நினைக்கிறீர்கள்? முதலில் வந்தவருக்கு நோட்டு நேராக இருந்தது, தன் முறை வந்ததும் திரும்புகிறது. பார்த்துக்கொண்டுதான் நிற்கிறார். ஃபிளாட்காரர்கள் மதிப்பதில்லை என்கிறீர்களே, அதில் பாதிக் காரணம் உங்கள் வாசலிலேயே இருக்கிறது.

மீதிப் பாதிக்கு நீங்கள் பொறுப்பில்லை. 2016 அக்டோபரில் பழைய கவுன்சிலர்களின் காலம் முடிந்தது. அடுத்த நகர்ப்புறத் தேர்தல் 2022 பிப்ரவரி 19-இல்தான் நடந்தது. இடையில் ஐந்து வருஷத்துக்கு மேல் தனி அலுவலர்கள் ஆட்சி. அந்த வருஷங்களில் குடிவந்தவர்கள் கவுன்சிலர் என்று ஒருவரைக் கண்ணாலேயே பார்த்ததில்லை. விளக்கு எரியாவிட்டால் மாநகராட்சிக்கு நேரடியாகப் புகார் போட்டுப் பழகிவிட்டார்கள். அதை அவமரியாதையாக எடுத்துக்கொள்ளாதீர்கள், நீங்களே போய்ப் பாருங்கள். வார்டு மக்கள் கூடிக் குறை சொல்லும் ஏரியா சபைக் கூட்டத்துக்கு நோட்டீஸ் எங்கே ஒட்டினீர்கள்? கோயில் வாசலிலும் ரேஷன் கடைச் சுவரிலும் மட்டும் என்றால், அவர்கள் வரவில்லை என்று சொல்ல உங்களுக்கு வாயில்லை.

இனி உங்கள் மூத்தார் பேச்சுக்கு வருகிறேன். ஓட்டு இல்லாதவனுக்கு எதற்கு என்கிறார். லைன் வீட்டில் இருப்பவர் கொடுக்கும் வாடகையிலிருந்துதான் அந்த வீட்டுக்காரர் சொத்து வரி கட்டுகிறார். வாடகை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் உங்கள் ஊர்க்காரர்களாகத்தான் இருப்பார்கள். மாநகராட்சிக் கவுன்சிலர்களுக்கு 2023-லிருந்து மாதம் 10,000 ரூபாய் மதிப்பூதியம் தருகிறார்களே, அதிலும் அந்தத் தொழிலாளியின் காசு இருக்கிறது. அதை வாங்கிக்கொண்டு அவர் குறையை மட்டும் கடைசிப் பக்கத்தில் எழுதுவது தப்பு, அம்மா.

ஊர்க்காரர்களின் நன்மைக்காகவே பார்த்தாலும் இந்தக் கணக்கு உதைக்கிறது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையில் வளர்வதில்லை. மூடாமல் பிடித்து வைத்த நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். தண்ணீர் லாரி எப்போதோ ஒருமுறை வந்தால் அந்த ஜனங்கள் டிரம்மில் தேக்கித்தான் வைப்பார்கள், வேறென்ன செய்வார்கள்? ஒரு வாரம் பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும். அது பகலில் கடிக்கிற கொசு, பள்ளிக்கூடம் போகும் குழந்தையையும் விடாது. ஊர்க்காரர் வீடா, வந்தவர் வீடா என்று பார்க்கவும் பார்க்காது.

இன்னொன்றையும் யோசியுங்கள். இந்த நாற்காலி உங்களுக்கு எப்படிக் கிடைத்தது? 1993-இல் நடைமுறைக்கு வந்த 74-வது அரசியல் சட்டத் திருத்தம் நகராட்சிகளில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் கொடுத்தது. 2016-இல் தமிழ்நாடு அதைப் பாதியாக்கியது. அந்தச் சட்டம் இல்லாமல் உங்கள் மூத்தார் எழுந்து நின்று, "நீ உட்காரம்மா" என்று சொல்லியிருப்பாரா? கணக்கிலேயே வராதவர்களைக் கணக்கில் சேர்த்ததால்தான் நீங்கள் மாமன்றத்துக்குள் போனீர்கள். அங்கே உட்கார்ந்துகொண்டு இன்னொரு கூட்டத்தைக் கணக்குக்கு வெளியே நிறுத்தலாமா?

பெரியவர் வந்தால் எழுந்து நில்லுங்கள், சாப்பாடு போடுங்கள், வீட்டு விசேஷத்தை அவரைக் கேட்டே செய்யுங்கள். குடும்பத்தில் அந்த மரியாதை குறையவே கூடாது என்று நினைக்கிறவள் நான். ஆனால் வார்டு வேலை குடும்பச் சொத்தில்லை. எந்தத் தெருவுக்கு முதலில் லாரி போக வேண்டும் என்பதில் அவருக்குப் பேச்சு இல்லை. இதை அவரிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும். கணவரை விட்டுச் சொல்லச் சொன்னால், அப்புறம் எல்லாவற்றுக்கும் அவரைத்தான் அனுப்ப வேண்டியிருக்கும்.

மகளிடமிருந்து நோட்டை இன்றைக்கே வாங்கிவிடுங்கள். பொதுத்தேர்வு எழுதப்போகும் பிள்ளை அது. ஊராரின் சாக்கடை அடைப்பைக் கேட்டு எழுதுவது அவள் கடமையில்லை, உங்கள் கடமை. உறுதிமொழி எடுத்தது நீங்கள். பள்ளிக்கூடம் இத்தனை வருஷமாகச் சொல்லிக் கொடுத்ததை இந்த ஒரு நோட்டு அழித்துக்கொண்டிருக்கிறது. மனுஷரை இரண்டாகப் பிரிக்க அம்மாவிடமே கற்றுக்கொண்ட பெண், நாளைக்குப் புகுந்த வீட்டிலும் வேலையிடத்திலும் அதைத்தான் செய்வாள். நீங்கள் செய்தது தப்பு என்று அவளிடமே சொல்லுங்கள். பிள்ளையிடம் சொல்ல வெட்கப்படாதீர்கள்.

பிறகு நீங்களே உட்கார்ந்து பின்பக்கத்திலிருந்து படியுங்கள். புது நோட்டு ஒன்றில் தேதி, தெரு, குறை, யாரிடம் சொன்னோம், என்று முடிந்தது என்று எல்லாவற்றையும் ஒரே வரிசையில் எழுதுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் கிடக்கிற குறைகளுக்கு நேரில் போங்கள். பாஷை தெரியாவிட்டால் அங்கேயே தமிழ் கற்றுக்கொண்ட ஒருவர் கட்டாயம் இருப்பார், கூட வைத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டுக்கும் வழி கேட்டீர்கள். வாடகை வீடானாலும், வழக்கமாகக் குடியிருக்கும் இடத்தில் 18 வயதான எந்த இந்தியக் குடிமகனும் வாக்காளராகலாம். புதிதாகச் சேரப் படிவம் 6, வீடு மாறியவருக்குப் படிவம் 8. ஒருவர் பெயர் ஓர் இடத்தில்தான் இருக்க முடியும், ஆகவே சொந்த ஊரில் ஓட்டை வைத்துக்கொள்வது அவரவர் இஷ்டம். படிவத்தைக் கொடுங்கள், விளக்கிச் சொல்லுங்கள், அதோடு விடுங்கள். "பேர் சேர்த்தால்தான் தண்ணீர்" என்று ஒரு வார்த்தை உங்கள் வாயிலிருந்தோ உங்கள் ஆட்கள் வாயிலிருந்தோ வரக்கூடாது.

மறுபடி நிற்கலாமா என்று கணவரிடமும் கட்சியிடமும் பேசுவதை இரண்டு மாதம் தள்ளிப்போடுங்கள். அதற்குள் பின்பக்கத்துக் குறைகளில் பாதியாவது தீர்ந்திருந்தால் நில்லுங்கள். தீர்க்க மனம் வரவில்லை என்றால் வேறொரு பெண்ணுக்கு இடத்தை விடுங்கள்.