டயருக்குத் தனி இன்சூரன்ஸ் தேவையா? பள்ளத்தூர் ஆச்சிக்கு ஒரு பதில்

கேள்வி: "பள்ளத்தூரில் தனியாக இருக்கிறேன். சிங்கப்பூரில் இருக்கும் மகன் புதுக் கார் எடுத்துத் தருகிறான். ஷோரூமில் இன்சூரன்ஸோடு 'டயர், வீல் பாதுகாப்பு' என்று ஒன்றைச் சேர்த்து வருஷத்துக்கு 2,300 ரூபாய் கூடுதலாகப் போட்டிருக்கிறார்கள். பம்பர் டு பம்பர் எடுத்தாலும் டயர் அதில் வராது, இதை எடுத்தே ஆக வேண்டும் என்கிறார் அங்கே இருக்கும் பையன். எங்கள் டிரைவர் தண்டச் செலவு என்கிறார். கோயில், கல்யாணம், காரைக்குடி டாக்டர், வருஷத்தில் மூன்று நான்கு தடவை சென்னை. அவ்வளவுதான் கார் ஓடும். டயர் ஒன்று 9,000 ரூபாயாம். எடுக்கலாமா, வேண்டாமா தம்பி?"

ஆச்சி, உங்கள் ஓட்டத்துக்கு வேண்டாம். ஒரே ஒரு நிலையில் மட்டும் முதல் வருஷத்துக்கு எடுக்கலாம். அது என்ன என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் அந்தப் பையன் சொன்னதில் எது உண்மை, எதை விழுங்கிவிட்டார் என்று பார்த்துவிடுவோம்.

பம்பர் டு பம்பர் என்று அவர்கள் சொல்வது ஜீரோ டிப். தேய்மானம் கழிக்காமல் பணம் தரும் பாலிசி. பெயரைக் கேட்டால் முன் பம்பரிலிருந்து பின் பம்பர் வரை எல்லாம் அடக்கம் போலத் தோன்றும். ஆனால் பல கம்பெனிகளின் ஜீரோ டிப்பில் டயர், டியூப், பேட்டரி சேராது. அதுவரை பையன் சொன்னது சரி.

விழுங்கியது எது தெரியுமா? சாதாரண முழு பாலிசியிலேயே டயருக்கு ஒரு வழி இருக்கிறது. டயர் மட்டும் கிழிந்தால் பைசா கிடையாது. அதே அடியில் காருக்கும் சேதம் என்றால், புது டயர் விலையில் பாதி கிடைக்கும். உங்கள் 9,000 ரூபாய் டயருக்கு 4,500. இந்த ஒரு வரியை யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இருட்டில் பெரிய பள்ளத்தில் முன் சக்கரம் இறங்குகிறது. டயர் கிழிந்ததோடு ரிம்மும் நெளிந்துவிட்டது. உள்ளே சக்கரத்தைப் பிடித்திருக்கும் லோயர் ஆர்ம் என்கிற இரும்புக் கை வளைந்து, ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கிறது. ரிம்மும் லோயர் ஆர்மும் காரின் பாகங்கள்தானே? அப்படியானால் காருக்கு அடிபட்டிருக்கிறது. அடிபட்ட வண்டியைப் பார்த்துச் சேதத்தை மதிப்பிடும் இன்சூரன்ஸ் சர்வேயராக 26 வருஷம் இருந்தவன் நான். இப்படி வந்த டயர்களுக்குப் பாதிப் பணம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ரிம்முக்கும் அதே பாலிசியில் பணம் உண்டு. உலோகப் பாகம் என்பதால் முதல் ஆறு மாதம் தேய்மானமே கிடையாது, ஒரு வருஷம் வரை 5 சதவீதம், இரண்டு வருஷம் வரை 10 சதவீதம் கழிப்பார்கள். ஜீரோ டிப் இருந்தால் அதுவும் இல்லை. ஆக, 'வீல் பாதுகாப்பு' என்று உங்களிடம் தனியாக விற்கப் பார்க்கிறார்களே, அதில் ஒரு பகுதிக்கு நீங்கள் ஏற்கெனவே காசு கட்டிவிட்டீர்கள்.

இந்த வழியில் கேட்கும்போது உங்கள் கையிலிருந்தும் கொஞ்சம் போகும். ஒவ்வொரு கிளெய்மிலும் 1,500 சிசி வரை உள்ள காருக்கு 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000 ரூபாய் உங்கள் பங்கு. அது தவிர, கிளெய்ம் இல்லாமல் ஒரு வருஷம் ஓட்டினால் அடுத்த வருஷம் சொந்தச் சேதப் பிரீமியத்தில், அதாவது நம் காரின் சேதத்துக்காகக் கட்டும் பகுதியில், 20 சதவீதம் தள்ளுபடி, நோ கிளெய்ம் போனஸ் என்பார்கள். அது 25, 35, 45 என்று ஏறி 50-ல் நிற்கும். கிளெய்ம் வாங்கினால் மறுபடி பூஜ்யம். அந்தப் பிரீமியம் 12,000 என்று வைத்துக்கொண்டால் முதல் வருஷக் கிளெய்மிலேயே 2,400 போயிற்று, அடுத்தடுத்த வருஷங்களிலும் ஒரு படி பின்தங்குவீர்கள். அதனால் மூவாயிரம் நாலாயிரம் ரூபாய்ச் சேதத்துக்கெல்லாம் பாலிசியைத் தொடவே வேண்டாம்.

சரி, தனி டயர் பாலிசிக்கு வருவோம். அது தருவது கார் எதிலாவது மோதியோ பள்ளத்தில் இறங்கியோ டயரில் வரும் வெட்டு, வீக்கம், வெடிப்பு இவற்றுக்குத்தான். நம் ஊரில் டயர் எதனால் கெடுகிறது? சிவகங்கைச் சீமையில் வண்டி ஓட்டுகிறவனைக் கேளுங்கள், சீமைக்கருவேல முள் என்பான். குன்றக்குடிக்கோ வைரவன்பட்டிக்கோ போய் வண்டியை ஓரத்தில் மண்ணில் இறக்கினால் போதும், பஞ்சர். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர்கள் பின்னால் சாமான் ஏற்றிக்கொண்டு போகும் வண்டிகள் எத்தனை பஞ்சர் வாங்குகின்றன என்று உங்களுக்கே தெரியும். பஞ்சருக்கு இந்தப் பாலிசியில் பணம் இல்லை.

அடுத்தது, நம் ஊருக்கே உள்ள வியாதி. வீட்டுக்காரர்கள் வெளிநாட்டில், கார் மாதக்கணக்கில் வீட்டு ஷெட்டில். காற்று தானாக இறங்கும், ரப்பர் காயும், பக்கவாட்டில் நுணுக்கமாக வெடிப்பு ஓடும். அப்புறம் ஒரு நாள் கல்யாணத்துக்கு வந்திறங்கி, காற்றுகூடப் பார்க்காமல் ஏறி தேவகோட்டை ரோட்டில் எண்பதில் விரட்டுவார்கள். டயர் வெடிக்காமல் என்ன செய்யும்? காற்றில்லாமல் ஓட்டிக் கெட்டது, வயதாகி வெடித்தது, தேய்ந்தது எல்லாம் பாலிசிக்கு வெளியே. டயரின் உள்பக்கத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும், சர்வேயரிடம் மறைக்க முடியாது.

மிஞ்சுவது பெரிய பள்ளமும் நடுரோட்டுக் கட்டையும். அது உங்களுக்கு வர வாய்ப்பு சென்னைப் பயணத்தில்தான் அதிகம். வருஷத்தில் மூன்று நான்கு தடவை. இதற்கு 2,300 ரூபாய்.

வந்தாலும் முழுப் பணம் வருமா? புது டயரில் பள்ளம், அதாவது பூப்போட்ட பகுதியின் ஆழம், ஏழெட்டு மில்லிமீட்டர் இருக்கும். 1.6-க்கு வந்தால் டயரின் ஆயுள் முடிந்தது. நடுவில் எவ்வளவு மிச்சமோ அதைப் படி படியாகப் பிரித்து, முழுசு, முக்கால், பாதி, கால் என்று தருகிற பாலிசிகள்தான் பெரும்பாலும். கணக்கு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பாதிப் படியில் இருக்கும்போது டயர் கிழிந்தால் உங்களுக்கு 4,500. அது மூன்றாம் வருஷம் நடந்தால் அதற்குள் நீங்கள் கட்டியது 6,900. நீங்கள் குறைவாக ஓட்டுவதால் உங்கள் டயர் மெதுவாகத் தேயும், நல்ல படியிலேயே இருக்கும் என்று பையன் சொல்லலாம். உண்மைதான். ஆனால் குறைவாக ஓட்டும் காருக்குப் பள்ளமும் குறைவுதானே.

பெரிய ரிம், மெல்லிய டயர், சீக்கிரம் கிழியும் என்று பயமுறுத்துவார்கள். டயர் பக்கத்தில் எழுதியிருப்பதைப் படிக்கச் சொல்லுங்கள். 215/55 ஆர் 17 என்றால் அகலம் 215 மில்லிமீட்டர், பக்கவாட்டு உயரம் அதில் 55 சதவீதம், சுமார் 118. முன்பு ஓடிய 165/80 ஆர் 14 டயரில் அது 132. வித்தியாசம் ஒரு விரல் கனம்கூட இல்லை. பக்கவாட்டு 45 சதவீதம் என்று இருக்கிற, பார்க்க அழகான விலை உயர்ந்த கார்களுக்கு அந்தப் பயம் நியாயம்.

இனி எனக்குக் கோபம் வருகிற இடம். 'பாதுகாப்புத் திட்டம்' என்று பெயர் போட்டு ஷோரூம்காரர்கள் விற்கிறதெல்லாம் இன்சூரன்ஸ் இல்லை. சில இடங்களில் அது வேறு யாரோ நடத்தும் உறுப்பினர் அட்டை. வழவழப்பான காகிதம், பொன் எழுத்து, உள்ளே ஒரு கூப்பன். இன்சூரன்ஸா இல்லையா என்று தெரிந்துகொள்ள ஒரே வழி: பாலிசிப் பத்திரத்தைக் கேளுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனியின் பெயரில் வரும் பத்திரத்தில், டயர் பாதுகாப்பு என்று தனி வரியும் அதற்குரிய யுஐஎன் எண்ணும் இருக்க வேண்டும். விற்கிற ஒவ்வொரு கூடுதல் பாலிசிக்கும் இன்சூரன்ஸ் கட்டுப்பாட்டு ஆணையம் கொடுக்கும் எண் அது. இல்லையென்றால் நாளைக்குப் பணம் வராதபோது சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடமும் போக முடியாது. சிவகங்கை நுகர்வோர் ஆணையத்துக்கு அலைய வேண்டியதுதான். உங்கள் வயதில் அது தேவையா?

'இதையும் சேர்த்து எங்களிடமே இன்சூரன்ஸ் போட்டால்தான் டெலிவரி' என்பது இன்னொரு பாட்டு. இன்சூரன்ஸை நீங்கள் விரும்பிய இடத்தில் போடலாம், ஷோரூம் கட்டாயப்படுத்தக் கூடாது. 2017-லேயே ஷோரூம்களுக்கு விதி வந்துவிட்டது. விதி இருக்கிறது, கமிஷனும் இருக்கிறது, எது ஜெயிக்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மகனை விட்டு வெளியே ஒரு விலை கேட்கச் சொல்லுங்கள். அந்தக் காகிதத்தைக் காட்டினாலே ஷோரூமில் விலை இறங்கும்.

ஒர்க்‌ஷாப் தரகர் ஒருவர் வருவார். "டயர் மட்டும் கிளெய்ம் ஆகாதும்மா, பம்பரில் ஒரு இடி இடித்து எழுதிக்கலாம்" என்பார். மேலே நான் சொன்ன பாதி விலை விதியை அவர் நன்றாகப் படித்தவர்! அந்தப் பக்கமே போகாதீர்கள். பொய்க் கிளெய்ம் என்று தெரிந்தால் நிஜமான கிளெய்மும் போய்விடும். கையெழுத்து உங்களுடையது, மாட்டுவதும் நீங்கள்தான்.

டயர்க் கடைக்காரர் வேறு ரகம், கெட்ட எண்ணம் இல்லை, அவசரம்தான். தேவகோட்டைப் பக்கத்து வாடிக்கையாளர் ஒருவர் விராலிமலை தாண்டி டயர் கிழிந்ததும் வழியிலேயே புதுசு போட்டுக்கொண்டார். பழையதைக் கடைக்காரர் வாங்கி வைத்துக்கொண்டார். மறுநாள் என்னிடம் பில் மட்டும் வந்தது. பாலிசி இருந்தது, பார்க்க டயர் இல்லை. எழுத எனக்கு என்ன இருக்கிறது? அதனால் கிழிந்த டயரைத் தூக்கிப் போடாமல், போட்டோ எடுத்து, கம்பெனிக்குத் தகவல் சொல்லிவிட்டு மாற்றச் சொல்லுங்கள். இதில் ஒரு வேதனை என்னவென்றால், பள்ளத்தை வைத்திருப்பவர்கள் யாருக்கும் பில் போகாது. நம் பணத்தில் நாம் டயர் மாற்றி, நம் பணத்தில் நாம் இன்சூரன்ஸும் கட்ட வேண்டும்.

ஒரே ஒரு நிலை என்றேனே, அது இதுதான். பத்திரத்தில் ரிம்மும் சேர்த்து எழுதியிருக்க வேண்டும். டயர் கிளெய்ம் வாங்கினால் நோ கிளெய்ம் போனஸ் போகாது என்றும் இருக்க வேண்டும். இந்த இரண்டும் இருந்து, நீங்கள் மாதாமாதம் சென்னை போய் வருவதாக இருந்தால், முதல் வருஷம் எடுங்கள், தப்பில்லை. அடுத்த வருஷம் மறுபடி யோசித்துக்கொள்ளலாம். இல்லையென்றால் ஜீரோ டிப் மட்டும் போதும், அதை விடாதீர்கள். மிச்சமாகும் காசில் காரிலேயே செருகிக் காற்றடிக்கிற சின்ன மோட்டார் ஒன்று வாங்குங்கள். வாரம் ஒரு முறை, வண்டி ஓடுவதற்கு முன்னால், டிரைவர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுக்குக் காற்று இருக்கிறதா என்று டிரைவர் பார்க்கட்டும். தண்டச் செலவு என்று சொன்னவர்தானே, இந்த வேலையையும் அவரிடமே கொடுங்கள்.

டெலிவரி எடுக்கும் அன்று இன்னொன்று. நான்கு டயரிலும், ஸ்டெப்னியிலும், பக்கவாட்டில் ஒரு சின்ன நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்க எண் இருக்கும். 1825 என்றால் 2025-ஆம் வருஷம் பதினெட்டாவது வாரம் செய்தது. ஒரு வருஷத்துக்கு மேல் பழையது இருந்தால் மாற்றித் தரச் சொல்லிவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள். எண் உள்பக்கம் திரும்பியிருந்தால் குனிந்து பார்க்கச் சிரமம், டிரைவரை அழைத்துப் போங்கள்.