தப்பு உங்களுடையதாகவே இருக்கட்டும்

கேள்வி: சிங்கப்பூரில், துவாஸ் தொழிற்பேட்டையில் தகடு வளைக்கும் பட்டறையில் வேலை பார்க்கிறேன். வயது 31. நான்கு மாதத்துக்கு முன், பிரஸ் மெஷினில் சிக்கிய தகட்டை எடுக்கப்போய் வலது கையில் இரண்டு விரல் நசுங்கிவிட்டது. ஆள்காட்டி விரலில் பாதியை எடுத்துவிட்டார்கள். வேலை வேகமாக ஓடவில்லை என்று மெஷினின் முன்தடுப்பை ஒரு மாதம் முன்பே சூப்பர்வைசர் கழற்றச் சொல்லியிருந்தார். முதலாளியோ, "மெஷினை நிறுத்தாமல் கையை விட்டது உன் தப்பு, 2,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) தருகிறேன், கையெழுத்துப் போட்டுவிட்டு ஊருக்குப் போ" என்கிறார். எம்சி (மருத்துவ விடுப்பு) நாள்களுக்கு அடிப்படைச் சம்பளம் 700 வெள்ளிதான் வருகிறது. கேஸ் போட்டால் பெரிய தொகை வாங்கலாம், அதில் 20 சதவீதம் தந்தால் போதும் என்கிறார் லிட்டில் இந்தியா பக்கம், தேக்காவில் ஒருவர். என்ன செய்வது ஐயா?

பதில்: முதலில் அந்தக் காகிதம். கையெழுத்துப் போடாதீர்கள். போட்டுவிட்டிருந்தாலும் பதற வேண்டாம். இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கினால் சட்டத்தின் முன் அது செல்லாது.

அடுத்து, யார் தப்பு என்ற பேச்சு. வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டத்தில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. குடித்திருந்தாலோ, போதையில் இருந்தாலோ, வேண்டுமென்றே காயப்படுத்திக்கொண்டாலோதான் சிக்கல். கவனக்குறைவாகக் கையை விட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம், அப்போதும் இழப்பீடு உண்டு. முதலாளிக்கும் இது தெரியாமல் இருக்காது. ஒரு நாள் எம்சி கொடுத்தால்கூட மனிதவள அமைச்சுக்குத் தகவல் தர வேண்டியது அவர் கடமை. அவர் தரவில்லை என்றால் நீங்களே அமைச்சிடம் சொல்லிக் கோரலாம், விபத்து நடந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள்.

இப்போது அந்த 700 வெள்ளி. என்னிடம் வரும் தொழிலாளர்களில் பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். எம்சி சம்பளத்தை அடிப்படைச் சம்பளத்தை வைத்துக் கணக்குப் போடக்கூடாது. விபத்துக்கு முந்தைய 12 மாதங்களில் ஓவர்டைமும் சேர்த்து நீங்கள் வாங்கிய சராசரிதான் கணக்கு. அந்தச் சராசரி 1,500 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனையில் சேர்ந்திருந்தால் 60 நாள் வரை, வெளிநோயாளி எம்சிக்கு 14 நாள் வரை, அது முழுதாக வர வேண்டும். அதற்குப் பிறகு, விபத்திலிருந்து ஓராண்டு வரை மூன்றில் இரண்டு பங்கு, அதாவது மாதம் 1,000. உங்கள் கையில் வருவது 700. மாதாமாதம் 300 வெள்ளி குறைகிறது. லைட் டியூட்டி கொடுத்து உட்கார வைத்திருந்தாலும் 2020 செப்டம்பர் முதல் இதே சராசரிதான் அடிப்படை. விரலுக்கான தொகையையும் இதே எண்ணை வைத்துத்தான் போடுவார்கள். அதனால் 12 மாதச் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம், ஓவர்டைம் எழுதிய நோட்டு எல்லாவற்றையும் இன்றைக்கே போனில் படம் பிடித்து ஊருக்கு ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள்.

நிரந்தரப் பாதிப்பு எத்தனை சதவீதம் என்று மருத்துவர் மதிப்பிடுவார். காயம் முழுதாக ஆற வேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை, ஆறு மாதம் ஆனதும் அப்போதிருக்கும் நிலையை வைத்தே மதிப்பிடலாம். உங்களுக்கு இன்னும் இரண்டு மாதம். அதற்குள் ஊருக்குப் போய்விட்டால் இந்த வேலையெல்லாம் இழுத்துக்கொண்டே போகும். முதலாளி வேலை பெர்மிட்டை ரத்து செய்தாலும், கோரிக்கை நடக்கும் வரை ஸ்பெஷல் பாஸ் என்ற தற்காலிக அனுமதியில் தங்க வழி உண்டு.

சரி, கேஸ். இந்தச் சட்டப்படி இழப்பீடு, அல்லது நீதிமன்றத்தில் வழக்கு, இரண்டில் ஒன்றைத்தான் வாங்க முடியும். இழப்பீட்டுக்கு உச்சவரம்பு உண்டு. 2025 நவம்பர் 1 முதல் நடந்த விபத்தென்றால் முழு ஊனத்துக்கே 3,46,000 வெள்ளிதான், உங்களுக்கு அதிகபட்சம் அதில் சதவீதக் கணக்கில் ஒரு பங்கு. வழக்கில் இந்த வரம்பு கிடையாது. வலி, வேதனை, வருங்கால வருமான இழப்பு எல்லாம் கேட்கலாம். ஆனால் அங்கே தப்பை நிரூபிக்க வேண்டும். தடுப்பைக் கழற்றச் சொன்னது உங்களுக்குப் பெரிய பலம், ஓடும் மெஷினில் கையை விட்டது பலவீனம். உங்கள் பங்கு இவ்வளவு என்று நீதிபதி ஒரு பகுதியைக் கழிப்பார். தோற்றால் எதிர்த் தரப்பின் செலவும் உங்கள் தலையில் விழலாம்.

என் யோசனை: இப்போதைக்கு வழக்குப் போடாதீர்கள். வழக்குக்கு விபத்திலிருந்து மூன்று ஆண்டு அவகாசம் இருக்கிறது. இழப்பீட்டுத் தொகை எவ்வளவு என்ற அறிவிப்பு வரட்டும். வந்த அன்றே வழக்கறிஞரிடம் காட்டுங்கள். 14 நாளுக்குள் யாரும் ஆட்சேபிக்கவில்லை என்றால் அதுவே முடிவாகிவிடும், அப்புறம் முதலாளிமேல் வழக்குப் போட முடியாது. தொகை குறைவாகத் தெரிந்து, தடுப்பு விஷயத்துக்குச் சாட்சியும் இருந்தால், அந்தக் கெடுவுக்குள் கோரிக்கையைத் திரும்பப் பெற்று வழக்குக்குப் போகலாம்.

தேக்கா நண்பரை விட்டு விலகுங்கள். இப்படிப்பட்ட வழக்கில், வரும் தொகையில் பங்கு என்று பேசிக் கட்டணம் வாங்க சிங்கப்பூர் வழக்கறிஞர்களுக்கு அனுமதியில்லை. 20 சதவீதம் கேட்பவர் வழக்கறிஞராக இருக்க வாய்ப்பில்லை.

கடைசியாக ஒன்று. அந்தத் தடுப்பை இப்போது திரும்ப மாட்டிவிட்டார்களா? உள்ளே வேலை பார்க்கும் நண்பர்களிடம் கேளுங்கள். கழற்றியிருந்தபோது எடுத்த படம் யாருடைய போனிலாவது கிடந்தால், அழிப்பதற்கு முன் வாங்கிவிடுங்கள்.