குரல் நின்றுவிட்டது, ஆனால் தம்பி எழவில்லை

கேள்வி: என் தம்பிக்கு 27 வயது. ஸ்கிசோஃப்ரினியா என்னும் மனச்சிதைவு நோய்க்கு நான்கு வருடமாக மாத்திரை சாப்பிடுகிறான். காதில் குரல் கேட்பது நின்றுவிட்டது. ஆனால் நாள் முழுக்கப் படுத்தே கிடக்கிறான். குளிக்கவே நாலு முறை சொல்ல வேண்டும். எப்போதாவது தன் பழைய சைக்கிளை மட்டும் துடைத்து வைப்பான். அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிக்கு அனுப்பச் சொல்கிறார் டாக்டர். "இன்ஜினியரிங் படித்தவனைக் காகித உறை ஒட்ட வைப்பார்களா?" என்று அப்பா கோபப்படுகிறார். அனுப்பலாமா?

பதில்: அனுப்புங்கள், தள்ளிப்போட வேண்டாம்.

இல்லாத குரலையும் சந்தேகத்தையும் கொண்டுவந்து சேர்ப்பது இந்த நோயின் ஒரு பக்கம். இருந்த ஊக்கத்தையும் பேச்சையும் ஆசையையும் எடுத்துக்கொள்வது இன்னொரு பக்கம். மாத்திரை முதல் பக்கத்தை நன்றாக அடக்கும். இரண்டாவதை அந்த அளவுக்குத் தொடாது. கவனமும் ஞாபகமும் திட்டமிடும் திறனும்கூடக் குறையும். நமக்குக் குளியல் ஒரே வேலை. உங்கள் தம்பிக்கோ எழுவது, துண்டு எடுப்பது, தண்ணீர் பிடிப்பது என்று எட்டுப் பத்து வேலை. தயவுசெய்து அவரைச் சோம்பேறி என்று சொல்லாதீர்கள். மாத்திரையால் தூக்கம் அழுத்துகிறதா என்றும் டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாக அளவைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம், நோய் திரும்பிவிடும் ஆபத்து உண்டு.

நல்ல தெரபிஸ்ட் முதலில் கவனிப்பார். தொடங்குவதில் சிக்கலா, நடுவில் மறந்துபோகிறதா, வெளியே போகப் பயமா? எங்கே தடங்கல் என்று தெரிந்தபிறகே வேலையைத் துண்டு துண்டாகப் பிரிப்பார். சில சமயம் கடைசித் துண்டிலிருந்து ஆரம்பிப்பார்கள். துணியை நீங்கள் துவைத்துக் காயவைத்து எடுத்து வருவீர்கள், மடித்து வைப்பது மட்டும் அவர் வேலை. அது பழகியதும் கொடியிலிருந்து எடுப்பதும் அவருடையது. இப்படிச் செய்தால் ஒவ்வொரு முறையும் வேலையை முடித்த திருப்தி அவருக்குக் கிடைக்கும்.

அப்பாவின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. எல்லாருக்கும் ஒரே வேலையைக் கொடுத்து உட்காரவைக்கும் இடங்களும் உண்டு. உறை ஒட்டுவது கவனத்தை இருபது நிமிடம் நிறுத்திப் பழக்குவதற்கு என்றால் சரி. ஆறு மாதம் கழித்தும் அதே உறைதான் என்றால், "இது என் தம்பிக்கு எதற்கு?" என்று தயங்காமல் கேளுங்கள். முழுக்கப் பயிற்சி முடிந்தபிறகுதான் வேலை என்ற பழைய முறையைவிட, விரும்பிய வேலையில் சீக்கிரமே சேர்த்துவிட்டு, அங்கேயே கூடநின்று உதவும் முறையில் அதிகம் பேர் வேலை பெறுகிறார்கள் என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அவர் படிப்பு வீணாகிவிட்டது என்று இப்போதே முடிவுகட்ட வேண்டாம்.

அப்புறம், வீடு. 1972இல் ஜார்ஜ் பிரவுனும் அவரோடு சேர்ந்தவர்களும் இங்கிலாந்தில் வெளியிட்ட ஆய்வில், குறைசொல்வதும் அளவுமீறிப் பொத்திப்பொத்தி வைப்பதும் அதிகமாயிருந்த வீடுகளுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய மனச்சிதைவு நோயாளிகளில் 58 சதவீதம் பேருக்கு ஒன்பது மாதத்துக்குள் நோய் திரும்பியது. அவை குறைவாக இருந்த வீடுகளில் 16 சதவீதம்தான். குடும்பத்தால் நோய் வந்தது என்று இதற்கு அர்த்தம் இல்லை. திட்டவும் வேண்டாம், எல்லாவற்றையும் நீங்களே செய்துகொடுக்கவும் வேண்டாம், அவ்வளவுதான்.

அந்தச் சைக்கிளைப் பற்றி எழுதியிருந்தீர்களே, யாரும் சொல்லாமல் அவராகச் செய்கிற காரியம் அது. முதல் நாளே தெரபிஸ்ட்டிடம் அதைச் சொல்லுங்கள்.